குளம் எந்த நவுன்?

"ராத்தா, குளம் ப்ரொப்பர் நவுனா, கொமன் நவுனா?"

லீவுக்கு ஊருக்கு வந்திருந்த நேரம். பின்னேரத்தில் எங்கட வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்க வருவார்கள். டியூஷன் என்று பெரிசா சொல்ல ஏலாது, காசு வாங்கிறதில்ல. எனக்குத் தெரிஞ்சத அவங்களுக்குச் சொல்றது, தெரியாதத அவங்களோட சேர்ந்து தேடுறது, அவ்வளவுதான். கேள்வி கேட்டது தரம் 7 படிக்கிற ஒரு வாயாடி.

"கொமன் நவுன். எல்லாக் குளத்துக்கும் பொதுவான பேர்தானே?" என்றேன், பெரிய ஆள் மாதிரி.

"அப்ப எங்கட உம்மா 'தனியா குளத்துப் பக்கம் போகாத' எண்டு ஏசுறது எந்தக் குளத்த?"

"எங்கட ஊர்க் குளத்தத்தான்."

"அந்த ஒண்டத்தானே? அப்ப அது அதிட பேர்தானே ராத்தா?"

நான் கொஞ்ச நேரம் ஒண்டும் பேசல்ல. இறக்காமத்தில் பிறந்த ஆரும் 'குளம்' என்றால் 'எந்தக் குளம்?' என்று திருப்பிக் கேட்க மாட்டார்கள். மீன் வந்தா குளத்து மீன், காத்து வந்தா குளத்துக் காத்து. வயலுக்குத் தண்ணி திறந்தாச்சா என்று கேட்டாலும் அது குளத்தைப் பற்றின கேள்விதான். அவள் கேட்டது பிழையான கேள்வி இல்ல. நான் சொன்ன விடைதான் அரைவாசி.

இந்த விசயத்தில் எனக்கு ஒரு பழைய காயமும் இருக்கு. கெம்பஸுக்கு வந்த புதுசில் எங்களை அறிமுகப்படுத்தி இங்கிலீஷில் பத்து வசனம் எழுதச் சொன்னார்கள். நான் எழுதின முதல் வசனம், 'நான் இறக்காமத்தைச் சேர்ந்தவள்' என்பதுதான். தாள் திரும்பி வந்தபோது அந்த வசனத்தில் ரெண்டு சிவப்பு வட்டம். 'நான்' என்பதற்கு வருகிற ஒற்றை 'ஐ'யை சிம்பிள் லெட்டரில் எழுதியிருந்தேன். ஊரின் பெயரையும் சிம்பிள் லெட்டரில்தான். ஃபோனில் வட்ஸ்அப் அடிச்சு அடிச்சு வந்த பழக்கம். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துச் சிரிச்சா: "ஒன்னையும் ஒன்ட ஊரையும் நீயே சின்னதாக்கிட்ட!"

அவள் பகிடிக்குத்தான் சொன்னா. எனக்கு ஒரு கிழமை மனசு சரியில்ல. வருசக்கணக்கா இங்கிலீஷ் ஒரு பாடமாப் படிச்சு, ப்ரொப்பர் நவுன் என்றால் என்ன என்று கேட்டால் வரைவிலக்கணம் ஒப்புவிக்கத் தெரிஞ்ச எனக்கு, என்ட ஊருட பேரை எழுதத் தெரியல்லயே என்று. (அந்த 'ஐ' ப்ரொப்பர் நவுன் இல்ல, ப்ரோநவுன். அதை எப்பவும் பெரிசா எழுதிறது இங்கிலீஷின் தனிப் பழக்கம். அதையும் பிறகுதான் விளங்கினேன்.)

எங்களுக்கு இது ஏன் பிடிபடுகுதில்ல என்று யோசிச்சுப் பார்த்தால், முதலாவது காரணம் எழுத்திலேயே இருக்கு. எங்கட ஊர்ப் பிள்ளை ஒன்று பத்து வயசுக்குள்ள நாலு எழுத்தைக் காணுது. பள்ளிக்கூடத்தில் தமிழ், மதரஸாவில் அரபு, பஸ் போர்டிலும் மருந்துப் பெட்டியிலும் சிங்களம், பிறகு இங்கிலீஷ். முதல் மூன்றிலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற கதையே இல்ல. ராஜாவுக்கும் ராட்டினத்துக்கும் ஒரே 'ரா'. நாலாவதுதான் 'இது பெயர், எழும்பி நில்லு' என்று சொல்லுது.

அதிலும் ஒரு வேடிக்கை. கெப்பிட்டல் லெட்டர் கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது. கலிமாவை எடுங்க. அதில் 'இலாஹ்' என்று ஒரு சொல் வருது, வணங்கப்படுகிற எதற்கும் வரக்கூடிய பொதுச்சொல். அடுத்து 'அல்லாஹ்' வருது, ஒருவனுக்கு மட்டும் உரிய பெயர். அரபியில் சொல்லே வேறாக இருப்பதால் எழுத்தின் அளவு தேவைப்படவில்லை. இங்கிலீஷில் மொழிபெயர்க்கிற சிலர் ரெண்டு இடத்திலும் 'கோட்' என்ற ஒரே சொல்லைப் போடுவார்கள். முதலாவதுக்கு சிம்பிள் ஜீ, ரெண்டாவதுக்கு கெப்பிட்டல் ஜீ. வாசித்துக் காட்டினால் ரெண்டும் ஒரே சத்தம். ஈமானுடைய முழு வித்தியாசமும் ஒரு எழுத்தின் உயரத்தில் நிற்குது. வேறு சிலர் அந்த இடத்தில் 'அல்லாஹ்' என்ற பெயரையே அப்படியே வைப்பார்கள். அது ஏன் என்று இந்தப் பாடத்துக்குப் பிறகுதான் எனக்கு விளங்கினது.

இங்கிலீஷ்காரர்களும் எப்பவும் இப்படித்தான் எழுதினார்கள் என்றில்ல. பதினெட்டாம் நூற்றாண்டுப் புத்தகங்களில் சாதாரணப் பொதுப்பெயர்களையும் பெரிய எழுத்தில் அச்சடிச்சிருப்பார்கள். 1787 இல் எழுதின அமெரிக்க அரசியலமைப்பின் மூலப்பிரதியிலும் அதைப் பார்க்கலாம். ஜேர்மன்காரர்கள் இன்றைக்கும் எல்லாப் பெயர்ச்சொல்லையும் கெப்பிட்டலில்தான் தொடங்குவார்கள். மேசைக்கும் மரியாதை, கதிரைக்கும் மரியாதை. எங்கட வாயாடி ஜேர்மனியில் பிறந்திருந்தால் அவள் குளத்துக்கு இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

இரண்டாவது காரணம் எங்கட தமிழ்ப் பாடம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இங்கிலீஷ் வகுப்பில் கொமன் நவுனைப் 'பொதுப்பெயர்' என்றும், ப்ரொப்பர் நவுனைச் 'சிறப்புப்பெயர்' என்றும் எழுதித் தருவார்கள். நாங்களும் கொப்பியில் எழுதி அடிக்கோடு போடுவோம். அதே சொற்கள் தமிழ் இலக்கணத்திலும் வரும். அங்கே, நன்னூல் வழியாக, இடுகுறிப் பொதுப்பெயர், இடுகுறிச் சிறப்புப்பெயர், காரணப் பொதுப்பெயர், காரணச் சிறப்புப்பெயர் என்று நாலு வகை படிப்போம். மரம் பொதுப்பெயர். பனை சிறப்புப்பெயர். பறவை பொதுப்பெயர். மரங்கொத்தி சிறப்புப்பெயர்.

இப்ப ரெண்டு கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க. தமிழ்க் கொப்பியில் பனை சிறப்புப்பெயர். இங்கிலீஷ் கொப்பியில் சிறப்புப்பெயரெல்லாம் கெப்பிட்டலில் தொடங்க வேணும். அப்ப பனையையும் மரங்கொத்தியையும் கெப்பிட்டலில் எழுதவேணுமா? இல்ல! உலகத்தில் எத்தனையோ பனை இருக்கு. இங்கிலீஷ் கணக்கில் பனையும் கொமன் நவுன்தான். நன்னூல் கேட்கிற கேள்வி, 'இந்தச் சொல் பல வகைக்கும் பொதுவா, ஒரு வகைக்கு மட்டும் உரியதா?' என்பது. இங்கிலீஷ் கேட்கிற கேள்வி, 'இந்தச் சொல் ஒரு வகையைச் சொல்லுதா, அல்லது அந்த ஒரே ஒரு ஆளை, ஒரே ஒரு இடத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுதா?' என்பது. ரெண்டு கேள்வியும் நல்ல கேள்விதான், ஆனா ஒரே கேள்வி இல்ல. ஒரே தமிழ்ச்சொல்லை ரெண்டுக்கும் போட்டதில்தான் எங்கட தலை சுத்தினது. ப்ரொப்பர் நவுனுக்கு இன்னும் கிட்ட வருகிறது, தொல்காப்பியம் பெயரியலில் சொல்கிற 'இயற்பெயர்'.

இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினபோது அடுத்த குண்டு விழுந்தது. "சூரியன் ஒண்டுதானே ராத்தா இரிக்கி? அப்ப அதுக்கு ஏன் சிம்பிள் லெட்டர்?"

இதுக்கு நான் ஒரு இரவு எடுத்தேன். அடுத்த நாள் சொன்னேன்: ஒன்றே ஒன்று இருப்பதால் மட்டும் ஒரு சொல் ப்ரொப்பர் நவுன் ஆகாது. அந்தச் சொல் பெயராக வைக்கப்பட்டதா என்பதுதான் விசயம். பள்ளிக்கூடத்தில் அதிபர் ஒருவர்தான், ஆனா 'அதிபர்' அவருட பேர் இல்ல, அவர் இருக்கிற இடத்தின் பேர். இன்றைக்கு அவர், நாளைக்கு வேறொருத்தர். ஊரில் எத்தனை பேருக்கு ஒரே பேர் இருந்தாலும், ஒவ்வொருத்தருக்கும் அது பெயராகத்தான் வைக்கப்பட்டது.

பிறகு அவங்களுக்கு ஒரு சின்ன விளையாட்டு. முன்னுக்கு 'ஒரு' போட்டுப் பாருங்க. 'ஒரு குளம்', சரி. 'ஒரு நகரம்', சரி. 'ஒரு இறக்காமம்'? ஒரு பிள்ளை சிரிச்சிட்டான். அதுதான் பரீட்சை. சிரிப்பு வந்தா பெரும்பாலும் கெப்பிட்டல்.

ஆனா இந்த விளையாட்டுக்கும் எங்கட ஊரில் ஒரு சோதனை வந்தது. அது எங்கட பெயர்கள்.

எங்கட பக்கத்தில் ஆம்பிளைப் பிள்ளைக்கு முன்னால் முகம்மது, பொம்பிளைப் பிள்ளைக்கு முன்னால் பாத்திமா வைக்கிறது வழக்கம். பரக்கத்துக்காக வைக்கிறது. நபியவர்களின் பெயர், அவர்களுடைய மகளின் பெயர். இதைவிடச் சிறப்பான பெயர் ஏது? ஆனா வகுப்பு இடாப்பில் ஒரே வரிசையில் எட்டு பாத்திமா நிற்கும்போது 'பாத்திமா!' என்று கூப்பிட்டால் எட்டுப் பேரும் திரும்புவோம், இல்லாட்டி ஒருத்தியும் திரும்ப மாட்டோம். கடைசியில் அது 'எஃப்' என்று ஒரு இனிஷலாகச் சுருங்கிப் போகுது. எங்கட ஊர்ப் பேர் லிஸ்ட் ஒன்றைக் கையில் தந்தால், எம் வருதா எஃப் வருதா என்று பார்த்தே இது ஆணா பெண்ணா என்று ஓரளவு சொல்லிடலாம். ஆளைப் பிரிச்சுக் காட்ட வந்த பெயர், வகையைச் சொல்கிற அடையாளமாயிட்டுது. ஆனாலும் இங்கிலீஷில் 'எட்டு பாத்திமா' என்று பன்மையில் எழுதினாலும் கெப்பிட்டல் எஃப் மாறாது. பெயராக வைக்கப்பட்டது பெயர்தான்.

'லெப்பை' அதுக்கு நேர்மாறாகப் பயணம் செய்த சொல். ஒருகாலத்தில் ஓதிக்கொடுக்கிறவரையும் பள்ளிவாசல் காரியம் பார்க்கிறவரையும் சொன்ன பொதுச்சொல். இன்றைக்கு எங்கட வாப்பாமார், மூத்தாப்பாமாரின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, 'எல்' என்ற இனிஷலாக நிற்குது. பொதுச்சொல்லாகப் புறப்பட்டுப் பெயராக வந்து சேர்ந்திட்டுது.

இப்ப நான் செய்த பிழைக்கு வாறேன்.

எங்கட உம்மம்மாவின் பெயர் 'உம்மா' என்று முடியும். அந்தத் தலைமுறைப் பெண்கள் கனபேருக்கு அப்படித்தான். அவ உம்றாவுக்குப் போக பாஸ்போர்ட் எடுக்க வெளிக்கிட்ட நேரம் நான் சாதாரண தரம் எழுதிட்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் 'இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள்' நான். ஃபோம் என்ட கைக்கு வந்தது. ஃபோம் முழுக்க கெப்பிட்டலில்தான் நிரப்ப வேணும், அதனால் பெரிசா சின்னதா என்ற பயம் இல்ல. ஆனா பெயரின் கடைசித் துண்டுக்கு வந்ததும் எனக்குள்ள இருந்த இலக்கணம் எழும்பிட்டுது. 'உம்மா' என்றால் தாய். தாய் கொமன் நவுன். உம்மம்மாவை ஊரார் மரியாதையாக 'உம்மா' என்று கூப்பிட்டிருப்பார்கள், அதை ஆரோ பேரோட சேர்த்து எழுதியிருப்பார்கள் என்று நானே முடிவெடுத்து, அந்தத் துண்டை விட்டிட்டன்.

கவுண்டரில் ஃபோமையும் ஐடென்டிட்டி கார்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பித் தந்தார்கள். திருப்பித் தந்ததில் பிழையில்ல. வீட்டுக்கு வந்து எல்லாத் தாளையும் பரப்பிப் பார்த்தால் கதை இன்னும் பெரிசு. பிறப்புப் பதிவில் 'உம்மா' பெயரோட ஒட்டி இருக்கு. ஐடென்டிட்டி கார்ட்டில் பிரிஞ்சி இருக்கு. கல்யாணப் பதிவில் இல்லவே இல்ல. எனக்கு முன்னாலேயே ஆரோ ஒருத்தர் என்னைப் போல யோசிச்சிருக்கார். கடைசியில் ஜே.பி. ஒருத்தரிட்டப் போய், இந்த மூன்று பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்குது என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டி வந்தது. அந்த அலைச்சலில் நாள் போயிட்டுது. ஊரிலிருந்து அந்த முறை உம்றாவுக்குப் போன கூட்டத்தோட உம்மம்மா போகல்ல.

பஸ் வெளிக்கிட்ட அன்றைக்கு வழியனுப்பப் போயிட்டு வந்து, அவ விறாந்தைக் கதிரையில் இருந்தா. நான் பக்கத்தில் போய், "என்னாலதான் உம்மம்மா" என்றேன். அவ என்ட தலையைத் தடவிட்டுச் சொன்னா:

"உடு கிளி. அது என்ட பேர். நான் புள்ள பெறக்க முந்தியே எனக்கு வெச்ச பேர். எட்டு வயசிலயும் நான் உம்மாதான்."

இலக்கணப் புத்தகத்தில் நான் தேடிக்கொண்டிருந்த வரைவிலக்கணம் அதுதான். எட்டு வயசில் அவ ஆருக்கும் தாயில்ல. ஆனா அவட பேரில் 'உம்மா' இருந்தது. அந்தச் சொல் அங்கே தாய் என்ற வேலையைப் பார்க்கல்ல, அவவைக் கூப்பிடுகிற வேலையைப் பார்த்தது. ஒரு சொல்லின் அர்த்தத்தைப் பார்த்து அது எந்த நவுன் என்று முடிவெடுக்க ஏலாது. அந்த இடத்தில் அது என்ன வேலை செய்யுது என்று பார்க்க வேணும்.

(உம்மம்மா அடுத்த வருசம் போயிட்டு வந்தா. பேரீச்சம்பழத்தோடும் ஸம்ஸம் தண்ணியோடும். எனக்கு ஒரு அபாயாவும் வந்தது. இருந்தாலும் அந்த ஒரு வருசத்தை நான் மறக்கல்ல.)

அதுக்குப் பிறகு எனக்கு எங்க பார்த்தாலும் இந்த விளையாட்டுத்தான் தெரியுது. வாப்பா வயலுக்குக் கொண்டுபோறது 'லேண்ட்மாஸ்டர்'. உண்மையில் அது குபோட்டா கம்பனியின் கைட்ராக்டர். லேண்ட்மாஸ்டர் என்பது ஒரு பிரித்தானியக் கம்பனியின் பெயர். அந்தப் பெயர் எங்கட ஊர் வரப்பில் கொமன் நவுனாகத் தங்கிட்டுது. "எங்கட லேண்ட்மாஸ்டர் குபோட்டா" என்று வாப்பா சொன்னால் ஆருக்கும் சிரிப்பு வராது. கடையில் 'அஸ்ட்ரா' கேட்டால் எந்த மாஜரினையும் தருவார்கள். வயலில் விதைக்கிற 'பீ.ஜி.' நெல்லுக்குள்ள பத்தலகொட என்ற ஊரும், 'ஏ.ரீ.' நெல்லுக்குள்ள அம்பலாந்தொட்ட என்ற ஊரும் ஒளிஞ்சிருக்கு. அந்த நெல்லினங்களை உருவாக்கின ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கிற இடங்கள் அவை. எங்கட ஆக்களுக்கு அது வெறும் நெல்.

ஊர்ப் பெயர்கள் இதுக்கு மறுபக்கம். கல்முனையிலும் மருதமுனையிலும் பாலமுனையிலும் 'முனை' இருக்கு. அட்டாளைச்சேனையிலும் எங்கட பிரிவில் இருக்கிற வரிப்பத்தாஞ்சேனையிலும் 'சேனை' இருக்கு. சம்மாந்துறையில் 'துறை', அக்கரைப்பற்றில் 'பற்று'. எல்லாம் ஆரோ ஒரு கமக்காரன், ஒரு தோணிக்காரன் கையைக் காட்டி 'அந்த முனை', 'அந்தச் சேனை' என்று சொன்ன சாதாரணச் சொற்கள். சொல்லிச் சொல்லியே பெயராயிட்டுது. இப்ப ஆரும் கல்முனையில் பஸ்ஸால் இறங்கிக் கல்லைத் தேடுறதில்ல.

பெயர் என்றால் அது ஒன்றுதான் இருக்கும் என்றும் இல்ல. எங்கட ஊரை இங்கிலீஷில் இறக்காமம் என்றும் எழுதுவார்கள், சிங்கள வழக்கைப் பின்பற்றி எரகம என்றும் எழுதுவார்கள். 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிஞ்ச எங்கட மாவட்டம், நிர்வாகத்துக்கு அம்பாறை, வோட்டுப் போடும்போது திகாமடுல்ல. நாடு 1972 இல் சிலோன் என்ற பெயரை விட்டாலும், தேயிலைப் பெட்டியில் சிலோன் இன்னும் இருக்கு. எந்தப் பெயரைப் போர்டில் எழுதுறது என்பதில் எப்பவும் ஒரு அதிகாரக் கேள்வி இருக்கு. கொமன் நவுனுக்கு ஆரும் சண்டை பிடிக்கிறதில்ல. சண்டையெல்லாம் ப்ரொப்பர் நவுனுக்குத்தான். என்ட லெப்டொப்பில் ஊரின் பெயரைச் சரியாக, கெப்பிட்டல் போட்டு அடிச்சாலும் கீழே சிவப்புக் கோடு வருது. 'அகராதியில் சேர்க்கவா?' என்று கேட்குது. சேர்த்திட்டன்.

இனி அந்தக் குளத்துக்கு வருவம். அடுத்த நாள் அவளுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "முழுப் பேரைச் சொல்லி 'இறக்காமம் குளம்' எண்டு எழுதினா, இறக்காமத்துக்கும் கெப்பிட்டல், குளத்துக்கும் கெப்பிட்டல். அங்க குளம் பேரிட ஒரு துண்டு, எங்கட உம்மம்மாட பேர்ல இரிக்கிற உம்மா மாதிரி. தனியா 'குளம்' எண்டு மட்டும் எழுதினா சிம்பிள். நீ எந்தக் குளத்தச் சொல்றாய் எண்டு ஊருக்குத் தெரியும், இங்கிலீஷுக்குத் தெரியாது. அதுக்குத்தான் முன்னால 'த' போடுறம்."

"உம்மாவுக்கும் அப்பிடியா?"

"கிட்டத்தட்ட. 'என்ட உம்மா' எண்டு எழுதினா சிம்பிள். 'என்ட' இல்லாம, பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி 'உம்மா, இங்க வாங்க' எண்டு எழுதினா கெப்பிட்டல்."

அவள் கொஞ்சம் யோசிச்சா. பிறகு கொப்பியை இழுத்து, முந்தின நாள் பின்னேரம் வாப்பாவோட குளத்துக்குப் போனதைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வசனம் எழுதி என்னிடம் நீட்டினா. ஊர்ப் பெயர் இல்ல. 'த' இருக்கு. அதுக்குப் பிறகு 'டேங்க்' என்ற சொல், நல்ல பெரிய கெப்பிட்டல் 'ரீ'யோட.

"இப்பதானே சொன்னன், தனியா வந்தா சிம்பிள் எண்டு?"

"தெரியும் ராத்தா. சோதனையில சிம்பிள் போடுறன். இது என்ட கொப்பிதானே?"

என்ட கையில் சிவப்புப் பேனை இருந்தது. மூடி வெச்சிட்டு அடுத்த பிள்ளையின் கொப்பியை எடுத்தேன்.